பின் இறக்கை

செங்குளத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் பூ, பழம், வெற்றிலையோடு ஒரு தேனீப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கல்யாண வீட்டுக்குப் பாத்திரமும் பந்தல் சாமானும் வாடகைக்குக் கொடுக்கிற கடையிலேயே பெட்டியும் கிடைக்கிறது. டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். மேலே கைப்பிடி, பக்கத்தில் வலை, முன்னால் ஒரு சின்னக் கதவு. பஜ்ஜி தின்று, காபி குடித்து, ஊர்க்கதை பேசி முடித்ததும் பெண்ணை நடுக்கூடத்தில் உட்காரவைத்துக் கதவைத் திறப்பார்கள். தேனீக்கள் ஒரு சுற்று வரும். பெண் மேல் உட்காராமல் பெட்டிக்குத் திரும்பிவிட்டால் தட்டு மாற்றிக்கொள்ளலாம். உட்கார்ந்துவிட்டால்? வந்தவர்கள் செருப்பைத் தேடுவார்கள், வேறென்ன.

அன்றைக்கு வேலாயுதம் வீட்டிலும் அதுதான் ஏற்பாடு. பெண் அவனுடைய ஒரே மகள் அகல்யா. மாப்பிள்ளை கோமதிநாயகம் மின்வாரியத்தில் பொறியாளர். அவனுடைய அம்மா செண்பகவல்லி பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே மூன்று வீடுகளில் பெட்டி திறந்து, தேனீ உட்காராத பெண்களையும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தவள் என்று ஊருக்குள் பேச்சு. பொல்லாத மாமியாராக வரப்போகிறாள் என்று அகல்யாவின் அம்மா அடுப்படியில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

வேலாயுதத்தின் அக்கா உலகம்மை மூலையில் ஒரு நாற்காலியில் இருந்தாள். கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. அதோடு மாவட்டத்தின் பூச்சி அடையாள அலுவலர். அப்படி ஒரு பதவி உண்டா என்று சிரிக்க வேண்டாம். தேனீ வந்த பிறகு கலெக்டரைவிட அவளைத்தான் ஜனங்களுக்கு அதிகம் தெரியும்.

"நெசமாவே மோந்து கண்டுபிடிச்சிருமா, டீச்சர்?" என்று கேட்டான் கோமதிநாயகம். கேள்வியில் கிண்டல் இல்லை, கூச்சம்தான் இருந்தது. அம்மா செய்வது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நாய்க்கு மூக்கு. இதுக்கு நெத்தியில ரெண்டு உணர்கொம்பு இருக்கு, அதுதான் மூக்கு," என்றாள் உலகம்மை. "புத்துநோய் உடம்புல தலைகாட்டும்போதே வேர்வையில ஒரு வாசனை மாறும். நமக்குத் தெரியாது. அந்த வாசனை வந்தா அங்க தேன் இருக்குன்னு நெனைக்கிற மாதிரி இதுகள முட்டையிலயே மாத்திட்டாங்க. வந்து உக்காந்து நாக்கை நீட்டும். பாவம், தேன் கெடைக்காது."

"தப்பா உக்காராதா?"

"தேனீ உக்காராது. ஈ உக்காரும்."

அதில்தான் இருக்கிறது சங்கதி. பழைய தேனீக்களெல்லாம் மருந்தடித்து மருந்தடித்து எப்போதோ போய்விட்டன. இப்போது பறப்பது சுகாதாரத் துறையின் மோப்பத் தேனீ மட்டும்தான். ஆனால் பூக்களில் திரிகிற ஒரு வகை ஈ இருக்கிறது. அதே மஞ்சள், அதே கறுப்புப் பட்டை, அதே ரீங்காரம். குருவி கொத்தாமல் இருப்பதற்காகத் தேனீ வேஷம் போட்டுக்கொண்டு திரிகிற பயல். மனித வேர்வையில் உள்ள உப்பு அதற்குப் பிடிக்கும், அதனால் எவர் மேலும் உட்காரும். அது உட்கார்ந்ததையே தேனீ என்று நினைத்து எத்தனையோ குடும்பங்கள் கதறியிருக்கின்றன. அதனால்தான் சந்தேகம் வந்தால் பூச்சியைப் பிடித்து உலகம்மையிடம் கொண்டுவர வேண்டும், அவள் சொல்வதே முடிவு என்று அரசாங்கம் சட்டம் போட்டது.

செண்பகவல்லி பெட்டியைக் கீழே வைத்தாள். "என்ன புழுக்கம்," என்று முந்தானையைக் கழுத்திலிருந்து விலக்கி விசிறிக்கொண்டாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு குனிந்து கதவைத் திறந்தாள்.

தேனீக்கள் வெளியே வந்தன. அகல்யா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவளுடைய தலைப்பூவை ஒன்றிரண்டு வட்டமிட்டன, ஜன்னல் பக்கம் போயின, ராணித் தேனீயின் வாசனைக்கு ஒவ்வொன்றாகப் பெட்டிக்கே திரும்பின. வேலாயுதம் மூச்சு விட்டான். அப்போதுதான் மாப்பிள்ளையின் சித்தப்பா, "ஏ மதினி, அசையாதிய!" என்று கத்தினார்.

ஒன்று மட்டும் செண்பகவல்லியின் கழுத்தில், காதுக்குக் கீழே, தாலிச் சங்கிலிக்குச் சற்று மேலே உட்கார்ந்திருந்தது.

கூடம் கலகலத்துப் போயிற்று. "ஈ தான்" என்றார் ஒருவர். "ஈயாவது ஒண்ணாவது, பெட்டியிலயிருந்து வந்தத நான் பாத்தேன்" என்றார் இன்னொருவர். "ஜன்னல் வழியா வந்திருக்கும்ல" என்றது மூன்றாவது குரல். செண்பகவல்லி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். உலகம்மை எழுந்து வந்து காபித் தம்ளரைக் கவிழ்த்து அதைப் பிடித்து, அடியில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் செருகி, அடுப்படிக்குக் கொண்டுபோனாள். தோசை மாவுக்குப் பக்கத்தில் குளிர்பெட்டியில் வைத்தாள். குளிரில் பூச்சி அசையாது, அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. தம்ளருக்குள் போகும்போதே தெரிந்துவிட்டது. ஈ என்றால் முகம் முழுக்கக் கண்ணாக இருக்கும், உணர்கொம்பு இரண்டு குட்டை முளைதான். இதற்கு முழங்கை மாதிரி மடங்கிய நீளக் கொம்பு. பின்னங்காலில் மகரந்தம் அடைக்கிற குழி. இருந்தாலும் கைலென்ஸை எடுத்துச் சம்பிரதாயத்துக்கு இறக்கையைப் பார்த்தாள். நாலு.

வெளியே வந்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"ஈ," என்றாள். "ரெண்டே றெக்கை. வேணும்னா நீங்களும் பாருங்க."

தம்ளரை வாங்கிப் பார்த்தார்கள். ரெண்டுதான் தெரிந்தது. "அட ஈப் பயலே, ஒரு நிமிஷத்துல உசிரை வாங்கிட்டியே" என்று சித்தப்பா சிரித்தார். செண்பகவல்லி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுந்து வந்து அகல்யாவின் கன்னத்தைத் தடவி, "இவதான் எம் மருமக. இதுக்கு மேல எந்த வீட்டுலயும் நான் பெட்டி தெறக்க மாட்டேன்" என்றாள். தட்டு மாற்றினார்கள்.

உலகம்மை பொய் சொன்னது இது முதல் தடவை இல்லை.

தேனீ வந்த புதிதில் அவள் உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் பரோட்டாக் கடை வைத்திருந்த சுடலைமுத்து மேல் உட்கார்ந்தபோது, "தேனீதான்" என்றாள். மறுநாளே சுகாதாரத் துறை வண்டி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. ஆபரேஷன் செய்தார்கள், ஆள் குணமாகிவிட்டார். ஆனால் கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. ஒட்டுகிற நோய் இல்லை என்று உலகம்மையே கடையில் போய் உட்கார்ந்து தின்று பார்த்தாள், அப்படியும் வரவில்லை. மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தமும் போயிற்று. கல்லையும் மேஜையையும் லாரியில் ஏற்றும்போது அவர் சொன்னார்: "நோய் போயிட்டு, டீச்சர். தேனீதான் போவல."

அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு சபையில் ஈ என்று சொல்லிவிடுவாள். அப்புறம் ஆளைத் தனியாக ஒதுக்கிக் கூப்பிட்டு, "அது தேனீ. மதுரைக்குப் போங்க, அங்க உங்கள யாருக்கும் தெரியாது, வெளியூர்ல ஒரு கல்யாணம்னு சொல்லிட்டுப் போயிட்டு வந்திருங்க" என்பாள். மானமும் தப்பியது, உயிரும் தப்பியது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். இந்தத் தடவை அந்தப் பொய்க்குள் தம்பி மகளின் கல்யாணமும் இருந்தது. அதை அவள் தனக்குள் மறைக்கவில்லை.

சாப்பாடு முடிந்து கை கழுவப் பின்பக்கம் வந்த செண்பகவல்லியைத் துவைகல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"மதினி, ஒரு விஷயம். பதறாதிய. அது ஈ இல்ல, தேனீதான்."

செண்பகவல்லியின் கையிலிருந்த செம்பு நின்றது. "என்ன சொல்லுதிய?"

"சபையில சொன்னா உங்களுக்குத்தான் தலைகுனிவு. அதான் மாத்திச் சொன்னேன். ஆரம்பம்தான், கவலைப்பட வேண்டாம். மதுரைக்கு நானே கூட வாரேன்."

செண்பகவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "டீச்சர் மதினி, நீங்க ரொம்பப் படிச்சவுக. நானும் பத்து பேரைப் பாத்தவதான். கூட்டத்துல ஈன்னுட்டு இங்க வந்து தேனீன்னா, நாளைக்கு உங்க வீட்டுப் பொண்ணை நான் ஒரு வார்த்தை பேசிரக்கூடாதுன்னு என் வாயைக் கட்டப் பாக்கியளாக்கும்?"

"ஐயோ, அப்படி இல்ல மதினி."

"நீங்க சபையில சொன்னதுதான் எனக்கு வேதம். நானும் கண்ணால பாத்தேன், ரெண்டு றெக்கைதான் இருந்துச்சு. விடுங்க." செம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டு, முந்தானையில் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள்.

இதுவரை உலகம்மை தனியாகச் சொன்னபோது எல்லோரும் தலையைத் தலையை ஆட்டியிருக்கிறார்கள். மறுத்துப் பேசிய முதல் ஆள் இவள்தான்.

அதற்குப் பிறகு போன் செய்து பார்த்தாள். செண்பகவல்லி கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசினாள். நேரில் போய்ப் பார்த்தாள். மைசூர்பாகு கொடுத்து அனுப்பினாள். ஊரெல்லாம் சொன்னார்கள், செண்பகவல்லி ஆளே மாறிவிட்டாள், சின்னப் பெண் மாதிரி ஓடியாடித் திரிகிறாள் என்று. பத்திரிகை வைக்க வந்தபோது உலகம்மை கவனித்தாள். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய இடது கை வயிற்றின் பக்கவாட்டில் போய் அழுத்திக்கொண்டது. ரவிக்கை தோளில் தளர்ந்திருந்தது.

தேனீ சொன்னால் ஆரம்பம். ஆரம்பம் ஆரம்பமாகவே இருந்துவிடாது. நாள் போகப் போக, தான் சொன்ன ஒரு வார்த்தையே இந்த மனுஷியைக் கொல்லப்போகிறது என்று உலகம்மைக்கு உறுதியாகிவிட்டது. துறைக்கு எழுதிப் போட்டால் வண்டி வரும். ஆனால் செண்பகவல்லி வண்டியில் ஏற மாட்டாள். அலுவலரே ஈ என்றாரே என்று சபையைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள். அவளாகக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

கல்லூரியில் அந்தத் தேனீ ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தது. காய்ந்த பூச்சியைத் தொட்டால் இறக்கை ஒடிந்துவிடும். மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சின் மேல் ஒரு பகல் வைத்துப் பதப்படுத்தினாள். அதையும் மேஜை லென்ஸையும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் செண்பகவல்லி வீட்டுக்குப் போனாள். நல்லவேளை, வீட்டில் வேறு யாரும் இல்லை. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள், டப்பாவைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இதை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டுவாரிய?"

"கடைசித் தடவை மதினி. பாத்துட்டு என்னைய வையணும்னா வையுங்க. றெக்கை எத்தனைன்னு மட்டும் எண்ணுங்க."

ஒழிந்துபோகட்டும் என்கிற மாதிரி செண்பகவல்லி லென்ஸில் குனிந்தாள். "இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டு. நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா?"

"எல்லாருக்கும் ரெண்டுதான் தெரியும். இப்ப கண்ணை எடுக்காதிய." உலகம்மை மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து முன் இறக்கையின் பின்விளிம்பில் வைத்தாள். "தேனீக்கு முன்னால பெரிய றெக்கை, பின்னால சின்ன றெக்கை. பறக்கும்போது தனித்தனியா அடிச்சா சரிப்படாதுன்னு, சின்ன றெக்கை ஓரத்துல வரிசையா கொக்கி இருக்கு. ரவிக்கைக் கொக்கி மாதிரிதான். அதை முன் றெக்கை மடிப்புல மாட்டிக்கிட்டா ரெண்டும் ஒண்ணாயிரும். ஈக்குப் பின் றெக்கையே கெடையாது, அந்த எடத்துல குண்டூசித் தலை கணக்கா ஒரு குமிழ்தான் இருக்கும். இப்ப கொக்கியைக் கழட்டுதேன், பாருங்க."

ஊசியை இழுத்தாள். ஒன்றாகத் தெரிந்தது இரண்டாகப் பிரிந்தது. பெரிய இறக்கைக்கு அடியிலிருந்து சின்ன இறக்கை தனியே விலகி வந்தது, அதன் ஓரத்தில் கொக்கிகள் வரிசையாக நின்றன. மறுபக்கமும் பிரித்தாள்.

செண்பகவல்லி லென்ஸிலிருந்து நிமிரவே இல்லை. ஒவ்வொன்றாக எண்ணி, "நாலு" என்றாள்.

"ஆமா, மதினி."

"ஏன் பொய் சொன்னிய?"

"உங்க மானம் போயிரக்கூடாதுன்னு."

"என் மானத்தை உங்ககிட்ட நான் கேட்டேனா?" செண்பகவல்லி நிமிர்ந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "நான் எதுக்கு வீடு வீடா அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன்னு நெனைக்கிய? பொண்ணுங்களைச் சோதிக்கவா? அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொறை? எங்கம்மை இந்த நோயிலதான் போனா. எனக்கும் கொஞ்ச நாளா வயித்துல ஒரு வலி. ஆசுபத்திரிக்குப் போறேன்னா மகன் என்னன்னு கேப்பான், வாசல்ல வண்டி வந்து நிக்கும், எனக்கு இன்னும் ஒரு மக கட்டிக்குடுக்க இருக்கா. பொண்ணு பாக்கப் போற எடத்துல பெட்டி தெறந்தா எவ என்னையப் பாக்கப் போறா? எல்லாரும் பொண்ணைத்தானே பாப்பாங்க. தேனீ வந்து உக்காந்தாலும் சத்தமில்லாம தட்டிவிட்டுட்டு, எனக்குள்ள தெரிஞ்சுக்கிடலாம்னு இருந்தேன்."

உலகம்மை கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"மொதல் மூணு வீட்டுலயும் பயந்துட்டேன் மதினி. பக்கத்துல வந்ததும் முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டேன். தெரியாமப் போச்சேன்னு அந்தச் சம்பந்தத்தையும் வேண்டாம்னு சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனேன். உங்க வீட்டுலதான் தைரியம் வந்து கழுத்தைத் தெறந்து வச்சேன். வந்து உக்காந்துச்சு. பாழாப்போன கொழுந்தன் கண்ணுல பட்டுட்டு. பட்டாலும் பரவால்லன்னு இருந்தேன். தெரிஞ்சுக்கிடத்தானே வந்தேன்? நீங்க வந்து ஈன்னிய. அன்னைக்கு நான் தூங்குன தூக்கம் இருக்கே, எத்தனையோ நாளைக்கு அப்புறம் தூங்குனேன். அந்தத் தூக்கத்தை எதுக்குக் குடுத்திய? குடுத்துட்டு, இப்ப எதுக்கு வந்து பிடுங்குதிய?"

முறத்தைத் தள்ளிவிட்டு அழுதாள். உளுந்து தரையெல்லாம் சிதறியது. உலகம்மை அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து தானும் அழுதாள். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் கூசியது. இத்தனை காலம் அடுத்தவர் மானத்தைத் தான் காப்பாற்றுவதாக நினைத்திருந்தாளே, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரிடமாவது கேட்டாளா?

அன்றிரவு சோற்றுக்கு உட்கார்ந்தபோது செண்பகவல்லி தன் வாயாலேயே மகனிடம் சொல்லிவிட்டாள். எவர் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று வண்டியை வீட்டுக்கே வரச் சொன்னாள். வேலாயுதம் மட்டும் கொஞ்சம் இழுத்தான். பரம்பரையாக வருகிற நோயோ என்னவோ, மாப்பிள்ளைக்கும் ஒரு தடவை பெட்டி திறந்து பார்த்துவிடலாமா என்றான். "நம்ம வீட்டுக் கூடத்துல இனி பெட்டி தெறந்தா நான் வெளிய போயிருவேன்பா" என்றாள் அகல்யா. அவன் வாயை மூடிக்கொண்டான். கல்யாணம் தள்ளிப்போனது, நிற்கவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நிலைமை வேறு என்றார்.

தையல் ஆறியதும் செண்பகவல்லி கல்லூரிக்கு வந்தாள். "எம் பூச்சியைப் பாக்கணும்" என்றாள்.

பூச்சி அலமாரியில் அட்டை அட்டையாகத் தட்டுகள். வண்டுகளுக்குத் தனி, வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தனி, தேனீ குளவி எறும்புகளுக்குத் தனி. உலகம்மை கீழே குனிந்து ஈக்களின் தட்டை இழுத்தாள். அதில் இரட்டை இறக்கைக்காரர்கள் வரிசையாக ஊசியில் நின்றார்கள். ஒரு ஓரத்தில் மட்டும் மடங்கிய கொம்பும் நாலு இறக்கையுமாக வேறு ஒரு கூட்டம். ஒவ்வொன்றின் கீழும் ஊசியில் கோத்த சின்னச் சீட்டு, அதில் ஊர், நாள், யார் மேல் உட்கார்ந்தது என்கிற பெயர். வகைப்படுத்தத் தெரிந்த எவர் இந்தத் தட்டைத் திறந்தாலும் உலகம்மையின் வேலை அன்றோடு போயிற்று.

செண்பகவல்லி எண்ணவில்லை. பார்த்தாள். "இவுக எல்லாரும் மதுரைக்குப் போனாவளா?"

"போறேன்னு சொன்னாங்க."

"நானும் தலையை ஆட்டியிருந்தா, மதுரைக்குப் போயிருப்பேன்னு நெனைச்சு விட்டிருப்பிய, இல்லியா?"

உலகம்மை முதல் சீட்டைப் படித்தாள். ஆழ்வான்துணை, விவசாயி. கோயில் கொடையில் உட்கார்ந்தது. கைபேசியை எடுத்து எண்ணைத் தேடி அழைத்தாள். அவர் மனைவி எடுத்தாள், குரலில் ஒரே உற்சாகம்.

"டீச்சரா! நல்லாருக்கியளா? அவுக வயக்காட்டுக்குப் போயிருக்காவ. கொஞ்சம் மெலிஞ்சிருக்காவ, வெயில்தான், வேற ஒண்ணுமில்ல. அந்த ஈக் கதையை இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நீங்க மட்டும் அன்னைக்கு ஈன்னு சொல்லலைன்னா எங்க கதி என்ன ஆயிருக்கும்!"

"அன்னைக்குத் தனியாக் கூப்பிட்டு நான் ஒண்ணு சொன்னேனே. அதை அவர் உங்ககிட்ட சொல்லலையாம்மா?"

"என்ன சொன்னிய?"

செண்பகவல்லி எட்டி உலகம்மையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரை உடனே வயல்லயிருந்து கூப்பிடுங்கம்மா," என்றாள் உலகம்மை. "அது ஈ இல்ல. நாலு றெக்கை இருந்துச்சு. நான்தான் மாத்திச் சொன்னேன்."